சராசரியில் கரைந்த மலை

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வாழும் நம் வாசகர்களுக்கு ஜவ்வாது மலை புதியதன்று. அம்மலையின் தேனும் சாமையும் புளியும் நம் சந்தைகளுக்கு இறங்கி வருகின்றன. ஆனால், அவற்றை விளைவித்தும் சேகரித்தும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் உடல்நலத்தை அறிய விரும்பினால் நம் கைக்குக் கிடைப்பது என்ன? இவ்வினாவை மனத்திற்கொண்டே, மக்கள் நலவாழ்வு பற்றிய ஆய்வுகளை ஈண்டு மதிப்பிட முற்படுகிறோம்.

பாராட்டுக்குரியதை முதலில் பாராட்டுவோம். டாக்டர் அபய் பங் தலைமையிலான வல்லுநர் குழுவின் அறிக்கை 2018-இல் வெளிவந்தது. நாடெங்கும் உள்ள 10 கோடிக்கு மேற்பட்ட பழங்குடியினரின் நலவாழ்வை அது தனியே எடுத்து நோக்கியது. அவர்களைப் பற்றிய விவரங்கள் எவ்வளவு குறைவு என்பதையும் மறைக்காமல் கூறியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பழங்குடியினரிடையே பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறப்பவை 41.6, நாட்டின் பொதுச் சராசரி 35.2, தமிழகத்தின் சராசரி 18.6.

நம் குறை இந்தக் கடைசி எண்ணிலிருந்தே தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் பழங்குடியினர் 1.1 விழுக்காட்டினரே. அவர்களிடையே சிசு மரணம் பிறரைப் போல் இரு மடங்காக இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாநிலச் சராசரி ஏறத்தாழ 0.2 அளவே உயரும். மாவட்டக் கணக்கும் நமக்கு உதவவில்லை. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சமவெளியின் பெருந்தொகையில் மலையின் துயரம் கரைந்துவிடுகின்றது.

அவ்வாறு கரைவது எண் மட்டுமன்று. 2023 மே மாதம், இம்மலைத்தொடரைச் சேர்ந்த அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை, முறையான சாலை இல்லாமையால் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைய இயலாமல் மாண்டது. உடலைக் கொண்டுவந்த ஊர்தியும் பாதி வழியில் நின்றுவிட, தாய் தன் குழந்தையைக் கைகளில் ஏந்தி மலைமேல் நடந்தார். பாம்பு சமவெளியிலும் தீண்டுகிறது. நஞ்சுமுறி மருந்தும் ஒன்றே. வேறுபட்டது வழி மட்டுமே. இவ்வாறிருக்க, மலை மக்களின் மரணங்களுக்கு அவர்களுடைய அறியாமையையும் பழக்கவழக்கங்களையுமே முதற்காரணமாகக் கூறும் எழுத்துகளை நாம் எங்ஙனம் ஏற்பது?

மக்களையே நோய்க்குக் காரணமாக்கும் இப்பிழை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் மிகுதியான மரணத்துக்கு அவர்களின் இனத்தையே பலர் காரணம் காட்டிய காலத்தில், அறிஞர் டூ பாய்ஸ் பிலடெல்பியா நகரில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தார். குடியிருப்பும் வறுமையும் சுகாதாரக் கேடுமே பெருங்காரணங்கள் என 1899-இல் எடுத்துரைத்தார். எனினும், அந்நாட்டு அரசு கறுப்பரும் பிற சிறுபான்மையினரும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் மிகையாக இறக்கின்றனர் என்று தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது 1985-இல்தான்.

தனியே எண்ணப்படுவதன் பயனை நம் சமுதாயமும் அறியும். 2006-இல் சச்சார் குழு அறிக்கை வந்தபோது நம் கல்வியின் பின்னடைவு எண்களாகத் தெரிந்தது. வறுமை மிகுந்திருந்தும், முஸ்லிம் குழந்தைகள் உயிர் பிழைத்திருக்கும் விகிதம் சராசரியினும் மேலாயிருப்பதும் அதே அறிக்கையால் தெரிந்தது. தனியே எண்ணாதிருந்தால் குறையும் தெரிந்திராது, நிறையும் தெரிந்திராது. நமக்கு நியாயமென்று நாம் வரவேற்றதை அண்டை மலைக்கு வேண்டாவென்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். இச்சலுகை நன்றே. ஆயினும், அது தலைகளை எண்ணுகிறதேயன்றி நடக்கும் நாழிகைகளை எண்ணுவதில்லை. மலையை மலையாகவே தனித்து எண்ணி, நோயாளி மருத்துவரை அடைய எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதையும் அக்கணக்கில் சேர்க்கும் ஆய்வே இன்றைய தேவை என்பது நம் துணிபு.