கதவைத் தட்டுவது யார்? - அச்சக் கதைகளும் ஒலி நாடகமும்

பேய்க் கதை என்றதும் முகஞ் சுளிப்பது எம்போன்ற முற்போக்கு வாசகர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். மக்களின் கவனத்தை அவர்தம் வாழ்க்கைப் பிரச்சினைகளினின்றும் திருப்பி, மூடநம்பிக்கைக்கு நெய்வார்த்து, வெறுங் கிளர்ச்சியை விற்கும் நசிவு இலக்கியம் என்று அத்தகைய ஆக்கங்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவோம். நாமும் அவ்வாறு ஒதுக்கியவர்களே. ஆனால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1930கள் தொடக்கம் வானொலியில் ஒலிபரப்பப்பட்ட அச்ச நாடகங்களும், வருங்காலத்தைக் கற்பனை செய்யும் விஞ்ஞான நாடகங்களும் இன்று ஒலிப்பதிவுகளாகக் கைப்பேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன. மாணவர்கள் இரவில் விளக்கை அணைத்துவிட்டு அவற்றைக் கேட்கின்றனர். நாம் ஒதுக்குவதனால் ஒழிந்துபோகாத ஒன்றை ஆராயாது விடுவது விமர்சனமாகாது. அவற்றுட் சிலவற்றை மூலக் கதைகளோடு ஒப்புநோக்கியபின், எமது பழைய முடிவைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்களானோம்.

அச்சம் என்னும் உணர்ச்சி தன்னளவிற் பிற்போக்கானதா என்பதே முதலில் எழும் வினா. மனிதன் தனது கட்டுப்பாட்டுக்கு அடங்காத சக்திகளைக் கண்டே அஞ்சுகிறான். இடியும் காட்டுத்தீயும் கொள்ளைநோயும் அவனை ஒரு காலத்தில் அச்சுறுத்தின. கைத்தொழிற் புரட்சிக்குப் பின்னர், மனிதன் தன் கையாலேயே ஆக்கிய இயந்திரமும் நிறுவனமும் போர்க்கருவியும் அவனுக்குப் புறம்பான சக்திகளாய் வளர்ந்து அவனையே அச்சுறுத்தலாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் ஆங்கிலத்தில் எழுந்த சிறந்த அச்சக் கதைகள், இப்புதிய அச்சத்துக்குப் பழைய பேயின் உருவத்தைக் கொடுத்தன. பேய் பொய்யாக இருக்கலாம். அதனைப் பிறப்பித்த அச்சம் பொய்யன்று. இக்கதைகளை ஒலி நாடகமாக்குவோர் அந்த அச்சத்தின் வேரைக் கேட்போனுக்குக் காட்டுகிறார்களா, அல்லது வேரை வெட்டிவிட்டு நடுக்கத்தை மட்டும் விற்கிறார்களா என்பதே எமது உரைகல்.

வானொலி நாடகத்துக்குக் கண் இல்லை. மேடையும் திரைப்படமும் பேயை எவ்வாறேனும் காட்டியாக வேண்டும். காட்டிய கணமே அது வேடமாகிவிடுகிறது. ஒலி நாடகத்திலோ கேட்போனின் மனமே பேயை ஆக்குகிறது. 1934இல் சிக்காகோ நகரில் வில்லிஸ் கூப்பர் தொடங்கிய 'விளக்கை அணையுங்கள்' என்ற நள்ளிரவுத் தொடர் இவ்வுண்மையை நன்கறிந்து செயற்பட்டது. கோவாவை வெட்டும் ஓசை கழுத்து வெட்டுப்படும் ஓசையாயிற்று. இறைச்சிக்கடை விலாவெலும்பை முறித்தால் மனித எலும்பு முறிந்தது. பன்றியிறைச்சி பொரியும் ஓசையிலே மின்சார நாற்காலியில் ஒருவன் மாண்டான். சமையலறைப் பொருள்களிலிருந்து கொலைக்களத்தை எழுப்பிய இத்திறமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எலும்பு ஏன் முறிகிறது, யாருடைய எலும்பு முறிகிறது என்ற வினாக்கள் எழாதவிடத்து, அந்தத் திறமை சமையலறையைத் தாண்டுவதில்லை. 1942 தொடக்கம் 1962 வரை சி.பி.எஸ். நிறுவனம் ஒலிபரப்பிய 'சஸ்பென்ஸ்' தொடரில், அச்சத்தின் உச்சத்துக்கும் அதன் தீர்வுக்கும் இடையே சில காலம் திராட்சை மதுவும் பின்னர் மோட்டார் வாகன உறுப்புகளும் விளம்பரஞ் செய்யப்பட்டன. நடுக்கமும் ஒரு விற்பனைப் பண்டமே என்பதை முதலாளித்துவ வானொலி மறைக்கவில்லை.

இனி, கதைகளுக்கு வருவோம். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' மேடையிலும் வானொலியிலும் பலமுறை நாடகமாக்கப்பட்ட கதை. மூன்று வரங்களைத் தரவல்ல உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்று, இந்தியாவிற் பணியாற்றித் திரும்பிய படைவீரன் ஒருவனின் வாயிலாக ஓர் ஆங்கிலத் தொழிலாளி குடும்பத்தின் கையை அடைகிறது. வீட்டுக் கடனின் மிகுதியை அடைத்து முடிக்க 200 பவுண் வேண்டுமென்று தந்தை கேட்கிறார். மறுநாள் ஆலைக்குச் சென்ற ஒரே மகன் இயந்திரத்தில் அகப்பட்டு இறக்கிறான். செய்தி கொண்டுவரும் கம்பனி ஆள், விபத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது எனவும், மகனின் சேவையைக் கருதி ஒரு தொகை தரும் எனவும் கூறுகிறான். அத்தொகை 200 பவுண். பின்னர் தாயின் வற்புறுத்தலால் இரண்டாவது வரம் கேட்கப்படுகிறது. புதைத்த மகன் திரும்பி வந்ததுபோல நள்ளிரவிற் கதவு தட்டப்படுகிறது.

கதவு தட்டும் அந்த ஓசைக்காகவே ஒலி நாடகக்காரர் இக்கதையை விரும்புவர். அவ்விருப்பிற் தவறில்லை. கதவுக்கு வெளியே நிற்பதை ஜேக்கப்ஸும் காட்டவில்லை. கதவு திறக்கும்போது வெறுந் தெருவே தெரிகிறது. ஆனால் கதையின் கொடூரம் நள்ளிரவில் நிகழவில்லை. பட்டப்பகலிலே, நல்ல உடையணிந்த ஒருவன் வாயிலில் மும்முறை தயங்கி நின்று, பின்னர் உள்ளே வந்து பேசும்போதே அது நிகழ்ந்துவிடுகிறது. பிரித்தானியாவில் 1897ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், குறித்த சில தொழில்களில் மாண்ட தொழிலாளியின் குடும்பத்துக்குரிய தொகையை 150 பவுணுக்கும் 300 பவுணுக்கும் இடையில் வரையறுத்திருந்தது. ஜேக்கப்ஸின் 200 பவுண் அந்த எல்லைக்குள் அடங்குவதை நோக்குக. குரங்குப் பாதம் மாயத்தாற் செய்ததாகக் கதை கூறுவதை, ஆலையும் கணக்கேடும் மாயமின்றி நாள்தோறும் செய்துகொண்டிருந்தன. கம்பனியின் பெயரில் வரும் 'மோ' என்ற ஆங்கிலச் சொல் விலங்கின் விழுங்கும் வாயைக் குறிக்கும் என்பதும் தற்செயலாக இருக்க முடியாது. ஆகவே, கம்பனி ஆளின் வருகையை இரண்டு வசனங்களில் முடித்துக்கொண்டு கதவு தட்டும் ஓசைக்கு விரையும் நாடகம், கதையின் தோலை வைத்துக்கொண்டு உயிரை எறிந்துவிடுகிறது. தானும் ஒரு சம்பளக்காரனே என்று தடுமாறும் அம்மனிதனின் தொண்டைச் செருமலும், அதற்குப் பின் வரும் மௌனமும் முழுமையாகக் கேட்கப்படுமாயின், இரவிற் கேட்கும் ஓசைக்கு வேறொரு பொருள் பிறக்கும்.

சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'சமிக்ஞைக்காரன்' 1866இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஜூன் 9ஆம் தேதி, ஸ்டேப்பிள்ஹேர்ஸ்ட் என்னுமிடத்தில் 10 பேரைப் பலிகொண்ட புகையிரத விபத்தில் டிக்கன்ஸ் தாமே சிக்கி உயிர்தப்பியவர். 1861இல் கிளேற்றன் சுரங்கவழியில் 23 பேர் மாண்ட விபத்தின்போது, பணியிலிருந்த சமிக்ஞைக்காரன் ஒருநாள் முழு ஓய்வு பெறுவதற்காக 24 மணி நேரத் தொடர்வேலையில் நின்றான் என்பதும் வரலாறு. டிக்கன்ஸின் கதையில், ஆழ்ந்த பள்ளத்திலே சுரங்கவழியின் வாயருகே தனித்து நிற்கும் தொழிலாளி ஒருவனுக்கு, ஒவ்வொரு விபத்துக்கும் முன்னர் ஓர் ஆவி தோன்றிக் கையசைத்து எச்சரிக்கிறது. மூன்றாவது முறையும் அது தோன்றிவிட்டது. என்ன ஆபத்து, எங்கே, எப்பொழுது என்பதை மட்டும் அது கூறவில்லை. தந்தியில் அபாயம் என்று அறிவித்தால் மேலிடம் காரணம் கேட்கும். காரணம் கூற அவனிடம் எதுவுமில்லை. பித்தன் என்று வேலையினின்றும் நீக்குவார்கள். ஆபத்தை அறிந்தவனுக்கு அதிகாரமில்லை. அதிகாரம் உடையவர்களுக்கு ஆபத்துத் தெரியாது. அக்கதையின் பேய் குடியிருப்பது இவ்விடைவெளியிலேயே என்பது எமது கருத்து.

'சஸ்பென்ஸ்' தொடரில் 1950களில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நாடகமாக்கப்பட்ட இக்கதை, ஒலி நாடகக்காரனின் முன் நுட்பமான வினா ஒன்றை வைக்கிறது. காவலறையின் மணி ஆவியால் ஒலிப்பதாகத் தொழிலாளி கூறுகிறான். கதையைச் சொல்லும் கனவானின் காதில் அது விழவில்லை. நூலை வாசிப்போன் இருவர் கூற்றையும் எட்ட நின்று எடைபோடலாம். ஒலி நாடகத்திலோ அந்த மணி ஒலிக்க வேண்டும், அல்லது ஒலிக்கக் கூடாது. மூன்றாவது வழி அரிது. மணி எமக்குக் கேளாவிடின், நாம் கனவானின் பக்கத்தில் அமர்ந்து, வைத்தியரிடம் காட்டவேண்டிய நோயாளியாகவே அத்தொழிலாளியைப் பார்க்கிறோம். கேட்குமாயின், அவனுடைய காதே எமது காதாகிறது. நம்பப்படாதவனின் தவிப்பு எமது தவிப்பாகிறது. வெறும் உத்தி என்று தோன்றும் இத்தெரிவு, யாருடைய அனுபவத்தை உண்மையென ஏற்பது என்ற வர்க்கச் சார்புள்ள தெரிவேயாகும். கலையில் உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று வாதிடுவோர் இந்த ஒரு மணியோசையைச் சிந்திப்பாராக.

நம்பப்படாதவர்களின் வரிசையிற் பெண்ணுக்கு முதலிடம் உண்டு. சார்லட் பேர்க்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற கதையை 1948இல் 'சஸ்பென்ஸ்' நாடகமாக்கிற்று. அக்னெஸ் மூர்ஹெட் நடித்தார். மனச்சோர்வுற்ற மனைவியை வைத்தியனான கணவன் மாடியறையில் ஓய்வு என்ற பெயரால் அடைத்துவைக்கிறான். எழுதுவதும் அவளுக்கு விலக்கப்படுகிறது. சுவரில் ஒட்டிய தாளின் கோலத்துக்குப் பின்னே ஒரு பெண் சிறைப்பட்டிருப்பதை அவள் காணத் தொடங்குகிறாள். மூலத்தில் இவையெல்லாம் அவள் களவாக எழுதும் குறிப்புகள். வானொலியில் எழுத்துப் பேச்சாகிறது. ஒளித்து வைத்த தாள், வீடுதோறும் கேட்கும் குரலாகிறது. இது பெரும் பேறு. ஆயினும் ஓர் ஆபத்தும் உண்டு. நூலிலே கணவனின் சொற்கள் அவளுடைய பேனாவின் வழியாகவே எம்மை அடைகின்றன. நாடகத்தில் அவனுக்குத் தனிக் குரல் கிடைக்கிறது. அக்குரலைக் கொடியவனின் குரலாக்கினால், குற்றம் ஒரு தனிமனிதனின் கெட்ட குணமாய்ச் சுருங்கிவிடும். அவன் அன்பாகவும் நிதானமாகவும் பேசவேண்டும். அந்த அன்பே தாழ்ப்பாள் என்பது கேட்போனுக்குப் புலப்படவேண்டும்.

இறுதியாக, ரே பிராட்பரியின் 'மென்மழை பொழியும்' என்ற விஞ்ஞானக் கதை. 1950 மே மாதம் சஞ்சிகையில் வெளிவந்த இக்கதையை, அதே ஆண்டு ஜூன் 17ஆம் தேதி என்.பி.சி. வானொலி தனது 'டைமென்ஷன் எக்ஸ்' தொடரில் ஒலிபரப்பிற்று. அணுகுண்டு விழுந்த நகரிலே தானியங்கி வீடு ஒன்று மட்டும் எஞ்சி நிற்கிறது. அது நேரத்தை அறிவிக்கிறது, காலையுணவைச் சமைக்கிறது, இரவிற் கவிதை படிக்கிறது. கேட்பதற்கு ஒருவரும் இல்லை. புல்வெட்டிய தந்தையும் பூப்பறித்த தாயும் பந்து விளையாடிய பிள்ளைகளும் கருகிய சுவரில் நிழல்களாகப் பதிந்துள்ளனர். இக்கதை வானொலிக்கென்றே பிறந்ததோ என எண்ணத் தோன்றுகிறது. யார் கேட்கிறார்கள் என்று அறியாது வீட்டினுள் ஓயாமற் பேசும் இயந்திரக் குரல் என்பது வானொலியேயன்றோ? அன்று தம் வீட்டு வானொலிப் பெட்டியினருகே அமர்ந்து இதனைக் கேட்டவர்கள், தாம் இல்லாத தமது வீட்டின் குரலைக் கேட்டார்கள்.

ஒலிபரப்பின் காலத்தையும் கருதவேண்டும். ஜூன் 22ஆம் தேதி, அமெரிக்க வானொலி, தொலைக்காட்சித் துறைகளைச் சேர்ந்த 151 பேரைப் பொதுவுடைமைச் சார்பினர் எனக் குற்றஞ்சாட்டிய 'சிவப்பு அலைவரிசைகள்' என்ற பட்டியல் வெளியாயிற்று. ஜூன் 25ஆம் தேதி கொரியாவிற் போர் மூண்டது. ஹிரோஷிமாவின் சாம்பலைப் பற்றி நேரடியாகப் பேசுவோன் தேசத்துரோகியெனத் தூற்றப்படக்கூடிய சூழலில், செவ்வாய்க் கிரகமும் வருங்கால வீடும் பேசின. கேட்டவர் எல்லோரும் இதனை அரசியலாக விளங்கிக்கொண்டனர் என்று நாம் கூறவரவில்லை. யதார்த்தத்தின் வாயிற்கதவு அடைக்கப்படுங் காலங்களில், உண்மை கற்பனையின் பின்வாயிலால் உள்ளே வரும் என்பதற்கு இஃது ஓர் உதாரணம். எமது யதார்த்தவாதம் என்ற அளவுகோல், புறத்தோற்றத்தை மட்டும் அளந்து இத்தகைய படைப்புகளைத் தள்ளிவிடுமாயின், குறை படைப்புகளிலன்று, அளவுகோலிலேயே உள்ளது.

இவ்விடத்தில் நண்பர்கள் ஒரு தடை எழுப்பலாம். நூறு மலிவான அலறல்களுக்கு நடுவே இவ்வாறு நான்கு கதைகளைப் பொறுக்கியெடுத்து ஒரு வடிவத்தையே நியாயப்படுத்தலாமா? அன்றியும், இந்நாடகங்களை ஆக்கியவர்கள் நாம் கூறும் பொருளை எண்ணியிருப்பார்களா? முதலாவதற்கு விடை, எவ்விலக்கிய வடிவத்தையும் அதன் சிறந்த ஆக்கங்களைக் கொண்டே மதிப்பிடுகிறோம் என்பதாகும். மலிவான சமூக நாவல்கள் மலிந்திருப்பதனால் நாவலை நாம் கைவிடவில்லை. இரண்டாவதற்கு விடை, ஆக்கியோனின் எண்ணத்தையும் விஞ்சி அவன் வாழ்ந்த சமுதாயத்தின் முரண்பாடுகள் படைப்பில் வெளிப்படும் என்பது. எனினும் இந்நாடகங்களின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. அவை அச்சத்தின் வேரைச் சுட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அவற்றிலே சமிக்ஞைக்காரன் தனியனாகவே மடிகிறான். அவனைப்போன்ற பிற தொழிலாளரோடு அவன் பேசுவதில்லை. மாடியறைப் பெண்ணின் குரலுக்கு மறுகுரல் இல்லை. தனிமையே அச்சக் கதையின் விளைநிலம். அதனின்றும் வெளியேறும் வழியை அவை காட்டா.

அந்த வழியைப் பற்றிப் பேசவேண்டிய பொறுப்பு ஆசிரியர்களாகிய எம்மைச் சார்ந்தது. மாணவன் விளக்கணைத்துக் கேட்பதை நாம் தடுக்க வேண்டியதில்லை. தடுத்தால் அவன் தனித்தே கேட்பான். வகுப்பிலே பலர் சேர்ந்து கேட்கட்டும். மூலக் கதையையும் உடன்வைத்து, நாடகக்காரன் எதை நீக்கினான், எதை நீட்டினான், எந்த ஓசையை எமக்குத் தந்தான், எதனை மறைத்தான் என்று ஆராயட்டும். பின்னர் ஒரேயொரு வினாவை நாம் கேட்டாற் போதும்: அந்த மகனைக் கொன்றது எது? குரங்குப் பாதம் என்று முதலில் ஒருவன் சொல்வான். சற்றுப் பொறுத்திருந்தால், ஆலை என்று மற்றொருவன் சொல்வான். அந்த இரண்டாவது குரலுக்காகவே இக்கதைகளை மீண்டும் கேட்கவேண்டும் என்கிறோம்.