பகைவன் மாறுவான், தலைவன் மாறான்

ஆங்கிலேயரின் கடற்கதைப் பாடல்கள் என்றதும் புயலும் பாறையும் பகைக்கலமும் நம் நினைவில் எழுகின்றன. ஆயினும் அவற்றுள் நெஞ்சை மிகவும் உருக்கும் பாடலொன்றில் உயிருக்கு உலை வைப்பது கடலன்று; கொடுத்த வாக்கைக் காவாத ஒரு மனிதனே. 'கோல்டன் வானிட்டி' என்பது அப்பாடலின் பெயர். அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாடல்களின் தொகுப்பில் இதற்கு 286-ஆம் இடம்.

கதை எளியது. பகைக்கலம் நெருங்குகிறது. கப்பலில் ஏவல் செய்யும் சிறுவன் ஒருவன் அதை மூழ்கடிக்க முன்வருகிறான். பொன்னும் தருவேன், பெண்ணும் தருவேன் என்கிறான் தலைவன். சிறுவன் துறப்பணத்தோடு நீந்திச் சென்று, பகைக்கலத்தின் அடிப்பலகையில் துளையிட்டு அதை ஆழ்த்திவிட்டுத் திரும்புகிறான். தலைவனோ அவனை மேலேற்ற மறுக்கிறான்.

இப்பாடலின் வரலாறு வியப்புக்குரியது. 1680-களில் ஒற்றைத்தாளில் அச்சிட்டு விற்கப்பட்ட பழைய வடிவம், சாமுவேல் பெப்பிஸ் என்பாரின் சேகரத்தில் காக்கப்பட்டுள்ளது. 1618-இல் தலை துணிக்கப்பட்ட சர் வால்டர் ராலேயே கப்பலைக் கட்டியவர் என்கிறது அது. அங்கே சிறுவன் சாவதில்லை. பொன்னும் வெள்ளியும் தருகிறேன், மகளை மட்டும் தரமாட்டேன் என்று கைவிரிப்பவனை, சொல் தவறியவன் என இடித்துரைத்து விடைபெறுகிறான். மக்கள் வாய்மொழியில் வழங்கிய பின்னரே அவன் நீரில் தவிக்கிறான். சில வடிவங்களில் மூழ்கிப்போகிறான். வேறு சிலவற்றில் தோழர்கள் தூக்கியெடுத்தும் கப்பல் தளத்திலேயே உயிர் விடுகிறான்.

பாடியவர்கள் ஏன் முடிவை இவ்வாறு இருளச் செய்தனர்? மணம் மறுக்கப்பட்டதோடு நின்றிருந்தால் அது ஓர் ஏமாற்றத்தின் கதை. உயிரே மறுக்கப்பட்டபோது, ஏழைத் தொழிலாளியின் உழைப்பைக் கொண்டு அவனைக் கைவிடும் அதிகாரத்தின் கதையாக அது வளர்ந்துவிட்டது.

பகைவன் யார் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு வடிவத்தில் அவன் துருக்கியன், மற்றொன்றில் பிரெஞ்சுக்காரன், பிறிதொன்றில் ஸ்பானியன். காலமும் ஊரும் மாற, பகைவனின் இனமும் மாறுகிறது. மாறாதவன் சொந்தக் கப்பலின் தலைவன் ஒருவனே! துருக்கியரை இழித்துரைக்கும் பாட்டென்று இதனை ஒதுக்குவோர் இதன் உயிரைக் காணத் தவறுவர்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க இயலாது. சில வடிவங்களில் சிறுவன், தன் தோழர்களின் பொருட்டே இக்கப்பலையும் மூழ்கடிக்காமல் விடுவதாகக் கூறுகிறான். அவனது பெருமை அனைத்தும் அச்சொல்லில் அடங்கியுள்ளது. ஆனால் சீட்டும் சூதும் ஆடிக்கொண்டிருக்கையில் நீர் புகுந்து மாண்ட பகைக்கலத்தாருக்காகப் பாடல் ஒரு பெருமூச்சும் விடவில்லை. அவர்களும் ஏவலுக்குக் கடலேறிய ஏழைகள் அல்லரோ? தன்னவர்க்கு இரங்கும் நெஞ்சு அயலவர்க்கும் இரங்கியிருந்தால் இப்பாடல் இன்னும் உயர்ந்திருக்கும்.

அக்குறையோடும் இது வாழத்தக்க பாடலே. வெளிப்பகையைப் பாடுவது எளிது. தன் தலைவனின் வஞ்சத்தைத் தன் நாவாலேயே பாடிவைப்பதற்குத் துணிவு வேண்டும். பெயரறியாத அம்மாலுமிகளிடம் அத்துணிவு இருந்தது.