மெக்ஸ் கோப்புக்குள் ஸ்ட்ரக்ட் அடுக்கலாமா?

மேட்லாபில் ‘முடிவு’, அதற்குள் ‘வலை’, அதற்குள் ‘கணு’ என்று புள்ளி வைத்து ஒரே வரியில் மதிப்பைக் கொடுத்துவிடலாம். நடுவில் உள்ள அடுக்குகள் தாமாக உண்டாகும். அதையே சி மொழியில், மேட்லாபிலிருந்து அழைக்கக்கூடிய மெக்ஸ் கோப்பாக எழுதும்போது ஒவ்வொரு அடுக்கையும் நம் கையால் கட்ட வேண்டும்: எண்ணுக்கு ஓர் எம்எக்ஸ்அர்ரே (மேட்லாப் தன் மதிப்புகளை வைக்கும் பெட்டி), அதைத் தாங்க ஒரு ஸ்ட்ரக்ட், அந்த ஸ்ட்ரக்டைத் தாங்க இன்னொன்று. இவ்வளவு உழைப்புக்குத் தகுந்த பலன் உண்டா?

கிளீவ் மோலர் 1970களின் இறுதியில் ஃபோர்ட்ரானில் எழுதிய முதல் மேட்லாபுக்கு மேட்ரிக்ஸ் மட்டுமே தெரியும். ஸ்ட்ரக்டும் செல்லும் 1996-இல், ஐந்தாம் பதிப்பில்தான் வந்தன. சி மொழியின் ஸ்ட்ரக்டில் உறுப்புகள் நினைவகத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும். மேட்லாபில் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு தனி எம்எக்ஸ்அர்ரேவைக் காட்டும் பாயிண்ட்டர். பெயர் ஒன்றாக இருப்பதால் சி பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முதல் ஆபத்து, நினைவகம் யாருக்குச் சொந்தம் என்பதில் இருக்கிறது. உள்ளீடாக வந்த அர்ரேயை அப்படியே ஒரு ஃபீல்டில் செருகினால் ஒரே இடத்துக்கு இரண்டு உரிமையாளர்கள் ஆகிவிடுவார்கள். பிறகு அதை விடுவிக்கும் நேரத்தில் மேட்லாபே கவிழலாம். நகல் எடுத்துத்தான் வைக்க வேண்டும். மதிப்பு உள்ள ஃபீல்டில் புதியதை வைத்தாலும் பழையது தானாக அழியாது. நாம்தான் அழிக்க வேண்டும். தவறு நடப்பது ஓரிடம், வெடிப்பது வேறிடம் என்பதால் இத்தகைய பிழையைத் தேடுவது பெரும் வேதனை.

ஆர்2018ஏ பதிப்பில் வந்த சி++ இடைமுகம் இந்தச் சுமையை நன்றாகவே இறக்கிவைக்கிறது. நகலையும் விடுவிப்பையும் அதன் கிளாஸ்களே பார்த்துக்கொள்கின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு அதையே சொல்வேன். ஆனால் அடுக்குவதன் நினைவகச் செலவை அது குறைப்பதில்லை.

ஒரு லட்சம் துகள்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆயங்கள் என்று வைத்துக்கொள்வோம். துகளுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் என்று கட்டினால் 3 லட்சம் எம்எக்ஸ்அர்ரேக்கள். 64 பிட் கணினியில் 8 பைட் எண் ஒவ்வொன்றுக்கும் நூறு பைட்டைத் தாண்டும் ஹெடர் சேர்கிறது. 24 லட்சம் பைட் தரவைச் சுமக்க 3 கோடி பைட்டுக்கு மேல் போகிறது. ஒரே ஸ்ட்ரக்டில் மூன்று நீண்ட அர்ரேக்களாக வைத்தால் தரவுக்கு மூன்றே ஹெடர்கள். கூட்டல், பெருக்கல் எதையும் லூப் இல்லாமல் முழு அர்ரே மீதே செய்யலாம்.

துகளுக்குத் துகள் நீளம் மாறும் அண்டைப் பட்டியலுக்கு அடுக்கு தேவை என்பார்கள். எல்லா மதிப்புகளையும் ஒரே அர்ரேயில் வரிசையாக இட்டு, ஒவ்வொரு பட்டியலும் தொடங்கும் இடத்தை இன்னொரு அர்ரேயில் குறித்தால் போதும்.

அடுக்குக்கு ஆதரவாக ஒரு வாதம் மட்டும் நிற்கிறது: பயன்படுத்துபவருக்குப் பெயரிட்ட அடுக்கு படிக்க எளிது. அது நியாயம்தான். சில அமைப்பு மதிப்புகளுக்கு அடுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். பெரிய தரவை மட்டும் மெக்ஸ் கோப்பு தட்டையாகவே திருப்பித் தரட்டும்; பெயரிட்டு அடுக்கும் வேலையை அதைச் சுற்றி எழுதும் நாலு வரி மேட்லாப் ஃபங்ஷனிடம் விட்டுவிடுங்கள்.