கேள்வி யாருடையது?

பிரச்சினைவழிக் கற்றல் பற்றி நம்மில் பலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. பாவ்லோ ஃப்ரெய்ரே பேசிய கல்விதான் வேறு பெயரில் பள்ளிக்குள் வந்துவிட்டதாக நினைக்கிறோம். இதன் ஊற்று வேறு. 1969-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்காக உருவானது இது. உடலியலைப் படித்துவிட்டு நோயாளியிடம் போவதற்குப் பதிலாக, நோயாளியின் சிக்கலில் தொடங்கி உடலியலுக்குள் போவது. நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நோயாளி கேள்வி கேட்பதில்லை, கேள்வியாக ஆக்கப்படுகிறார்.

'உயர்நிலைச் சிந்தனை'யின் கதையும் இப்படித்தான். 1956-இல் ப்ளூமும் சகாக்களும் வெளியிட்ட ஆறு படி ஏணி, பல்கலைக்கழகத் தேர்வாளர்களின் தேவையிலிருந்து பிறந்தது. வினாத்தாள் தயாரிக்கிறவர் பார்வையில் அங்கே சிந்தனை அடுக்கப்பட்டிருக்கிறது. (2001-இல் திருத்தி, 'உருவாக்குத'லை உச்சியில் வைத்தார்கள். ஏணி ஏணியாகவே இருந்தது.) இப்போது நம் பாடநூலிலும் பாட முடிவில் உயர் சிந்தனை வினாக்கள் உண்டு. நோட்ஸில் அதற்கும் விடை கிடைக்கிறது. மனப்பாடம் பண்ணி எழுதினால் உயர் சிந்தனைக்கு முழு மார்க்! மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில், பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வெழுதினார்கள். விடை புத்தகத்தில் இல்லை, அவர்கள் செய்த சோதனையில் இருந்தது. 2002-இல் மாநில அரசு அதை மூடிவிட்டது.

சரி, உயிரியலில் ஒரு நிஜமான பிரச்சினையை எடுப்போம். வாணியம்பாடிப் பக்கம், கிணத்துல தண்ணி இருக்கு, பாய்ச்சினா பயிர் வாடுது. ஏன்? பத்தாம் வகுப்புக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, கழிவுநீரோடு நிலத்தில் இறங்குகிறது. மண்ணில் உப்பு ஏறினால் வேர் நீரை உறிஞ்சத் திணறுகிறது. சவ்வூடு பரவலுக்கு உருளைக்கிழங்கைக் குடைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. மண்ணை அள்ளிவந்து விதை போடலாம். எவ்வளவு உப்பில் முளைப்பு நிற்கிறது என்று அளக்கலாம். ஒருத்தர் ஊகத்தை இன்னொருத்தர் மறுக்கலாம். ப்ளூமின் படிகள் தாமாகவே வந்து சேரும்.

ஆனால் சவ்வூடு பரவலோடு மணி அடித்துவிடும். உப்பை இறக்கினது யார் என்பது சிலபஸில் இல்லை. வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகப் பதிவானது. அந்த எண் உயிரியலா, பொருளாதாரமா? யாருக்கு வசதியாக இந்தக் கோடு போடப்பட்டிருக்கிறது?

இங்கே நம் தோழர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. சமூகப் பிரச்சினையை வகுப்புக்குக் கொண்டுவா என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதே வகுப்பில், தோல் ஊறும் தொட்டியில் இறங்கி வேலை செய்கிற தலித் தொழிலாளியின் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு வயல் ஒருநாளும் இருந்ததில்லை. ஆலையை மூடினால் அடுப்பு எரியாது. பாழான நிலம் மட்டுமே பிரச்சினை என்றால், கேள்வி மறுபடியும் நிலம் வைத்திருக்கிறவருடையதாகிவிடுகிறது. குரோமியம் பட்டுப் பட்டு அப்பா கையில் ஏன் புண் வருகிறது என்பதும் உயிரியல்தான். நான் பார்த்த எந்தப் பாடநூலிலும் அந்தக் கேள்வி இல்லை.