ஒன்றரைப் பென்ஸ் முத்திரை

ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்ஸ். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் சிறிய மருந்துப் பெட்டி ஒன்றின் வழக்கமான விலை இது. ஒரு ஷில்லிங்கோடு நிற்காமல் அந்த ஒன்றரைப் பென்ஸ் ஏன் ஒட்டிக்கொண்டது? அது வரி. 1783இல் தொடங்கி 1812இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இரகசியச் சேர்மானத்தில் செய்து விற்கும் மருந்து ஒவ்வொன்றின் மேலும் அரச முத்திரைத் தாள் ஒட்டியிருக்க வேண்டும். அரசாங்கத்துக்கு வேண்டியது காசு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அது திறந்து பார்த்ததில்லை. வாங்கிய சனமோ அரசே சோதித்து அங்கீகரித்த மருந்து என்று நம்பியது. விற்றவர்கள் அந்த நம்பிக்கையைக் கலைப்பார்களா? முத்திரை இல்லாவிட்டால் போலி, பார்த்து வாங்குங்கள் என்று விளம்பரத்திலேயே போட்டார்கள். வரி கட்டிய பற்றுச்சீட்டு தரச்சான்றிதழ் ஆனது இப்படித்தான்.

அந்த மயக்கம் இன்றும் நம் பக்கத்தில் உண்டு. நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மூலிகை எண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்துப் பாருங்கள். லேபலின் அடியில் பதிவு இலக்கம் என்று ஒரு எண் இருக்கும். பல வேளைகளில் அது வியாபாரப் பெயரைப் பதிந்த இலக்கம். இந்தப் பெயரில் ஒருவர் வியாபாரம் செய்கிறார் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் அதைக் கண்டதும் மனசு ஆறுதல் கொள்கிறது.

இதை வைத்து, பெட்டியில் அடைத்து விற்கும் முறையே மோசடி என்று சொல்ல வரவில்லை. அந்த முறை வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. கோப்பியின் கதை அதற்குச் சாட்சி.

1840இல் பிரித்தானிய நிதித் திணைக்களம் கோப்பித் தூளில் சிக்கரிக் கிழங்கை வறுத்துக் கலக்க அனுமதி கொடுத்தது. சில்லறைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். சிக்கரியிலேயே வறுத்த கரட்டையும் வேறு கிழங்குகளையும் கலந்தவர்கள் இருந்தார்கள். அப்போது கண்டியைச் சுற்றி மலையெல்லாம் கோப்பி போட்டுக்கொண்டிருந்த இலங்கைத் தோட்டக்காரர்கள், தங்கள் கொட்டையின் பெயரில் கிழங்கு விற்கிறதே என்று முறையிட்டார்கள். கோப்பியில் கலந்த சிக்கரியைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்று நிதியமைச்சர் சேர் சார்ள்ஸ் வூட் நாடாளுமன்றத்தில் கைவிரித்தார். ஆர்தர் ஹில் ஹசால் என்ற வைத்தியர் தூளை நுணுக்குக்காட்டியில் வைத்தார். கோப்பியின் கலம் வேறு, சிக்கரியின் கலம் வேறு என்று பளிச்சென்று தெரிந்தது. 1851 முதல் லான்செட் சஞ்சிகை கடைக்காரரின் பெயரையும் விலாசத்தையும் சேர்த்தே முடிவுகளை வெளியிட்டது. 1853இல், கலப்படத் தூள் என்றால் அதைப் பொட்டலத்தின் மேல் எழுதித்தான் விற்க வேண்டும் என்று விதி வந்தது.

உறையிட்ட பொட்டலத்தின் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சாக்கில் கொட்டி நிறுத்து விற்ற தூளுக்கு உரிமையாளர் யார்? கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கைகாட்டுவார், அவர் துறைமுகத்தைக் கைகாட்டுவார். பெயர் அச்சிட்டு, நிறை குறித்து, வாய் ஒட்டிய பொட்டலத்தில் குறை இருந்தால் பிடிப்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார். ஜோன் ஹோர்னிமன் 1826லேயே தேயிலையை இப்படி விற்கத் தொடங்கியிருந்தார். ஹசாலின் அம்பலப்படுத்தல் அவருக்கு நல்ல விளம்பரமாக அமைந்தது. 1869இல் இலையில் துருப்போலப் படர்ந்த பூஞ்சண நோய் இலங்கைக் கோப்பியை அழித்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியதும் 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தோட்டம் வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு என்பது அவருடைய பேச்சு. அதில் கொஞ்சம் மிகை இருந்தது. அவர் விற்றதெல்லாம் அவர் தோட்டத்தில் பறித்ததல்ல. ஆனால் நிறை சரியாக இருந்தது, விலை குறைந்தது, கூலி வாங்கும் குடும்பமும் கால் இறாத்தல் பொட்டலம் வாங்க முடிந்தது.

அமெரிக்காவில் ஆர்பக்கிள் சகோதரர்கள் வறுத்த கொட்டைக்கு முட்டையும் சீனியும் பூசி ஒரு இறாத்தல் கடதாசிப் பையில் விற்றார்கள். பூச்சு மணத்தைக் காத்தது. நிறையையும் கூட்டியது என்று குறை சொன்னவர்களும் உண்டு. பையில் இருந்த கூப்பனைச் சேர்த்து அனுப்பினால் வீட்டுச் சாமான் வரும். நம் ஊரில் மாப் பக்கெட்டோடு கோப்பை இலவசம் என்றதும் கோப்பைக்காகவே இன்னொரு பக்கெட் வாங்குகிறோமே, அதன் மூத்தப்பா இந்தக் கூப்பன்தான்.

இனி மருந்துப் பக்கம். 1909இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் பிரபல மருந்துகளைப் பகுப்பாய்வு செய்து ஒரு நூல் வெளியிட்டது. ஒரு பெட்டி ஒரு கினி பெறும் என்று ஊரெல்லாம் எழுதிவைத்த பீச்சம்ஸ் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், இஞ்சி, சவர்க்காரம். கற்றாழைப் பாலைக் காய்ச்சி எடுப்பதுதான் கரியபோளம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். 56 மாத்திரைகளுக்கான சாமானின் செலவு அரைப் பார்திங். ஒரு பென்ஸுக்கு நாலு பார்திங் என்று கணக்குப் போட்டால், பெட்டியின் விலையில் 108இல் ஒரு பங்குதான் மருந்து. அரசாங்கத்தின் வரியே மருந்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு! மிச்சத்தில் பெரும் பகுதி விளம்பரத்துக்கும் முதலாளிக்கும் போனது. இதே வகை மாத்திரை விற்ற தோமஸ் ஹொலவே பெண்களுக்கென்று கட்டிய கல்லூரியை 1886இல் மகாராணியே திறந்துவைத்தார். பேதி மருந்தில் வந்த பணம் பெண்களைப் படிக்கவைத்தது. அந்தக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி அச்சு. அது கோப்பியை ஏன் திருத்தியது, மருந்தை ஏன் திருத்தவில்லை? கோப்பியை நாக்கு விசாரிக்கும். ருசி கெட்டால் நாளைக்கு வேறு பக்கெட். மருந்தை விசாரிக்க உடம்பில் அப்படி ஒன்றும் இல்லை. தடிமல் ஏழு நாளில் தானாகப் போகும், வயிற்றுப் பொருமல் இரவோடு அடங்கும், மூட்டுவலி வந்து வந்து போகும். உடம்பு செய்த வேலைக்குப் போத்தல் பேர் வாங்கிக்கொள்கிறது. சுகமானவர் நன்றிக் கடிதம் எழுதுவார், அது பத்திரிகையில் வரும். சுகமாகாதவர் கடிதம் எழுதுவதில்லை.

இந்தக் குறையின் கொடிய முனை குழந்தை மருந்துகளில் தெரிந்தது. அமெரிக்காவில் 1849 முதல் விற்ற வின்ஸ்லோ அம்மையார் பாணியில் மோர்பின் இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தியது. சில குழந்தைகள் பிறகு எழும்பவே இல்லை. 1906இல் வந்த அமெரிக்கச் சட்டம் அத்தகைய மருந்தைத் தடைசெய்யவில்லை, அபினோ அல்கஹோலோ இருந்தால் லேபலில் எழுது என்றது. உம்மம்மாமார் மூன்று தலைமுறையாகக் கைக்குழந்தைக்குப் பருக்கிய கிரைப் வாட்டரும் அந்தக் காலத்துச் சரக்கு. 1851இல் நொட்டிங்ஹாமில் வில்லியம் வூட்வர்ட் செய்தது. அதில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சீனி ஆகியவற்றோடு அல்கஹோலும் சேர்ந்திருந்தது. இங்கிலாந்தில் அதை நீக்கியது 1990களில்தான். இப்போது போத்தலில் அல்கஹோல் இல்லை என்று எழுதியிருக்கிறது. ஹலாலா என்று பிஸ்கட் பக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற நம் வீடுகளில், குழந்தை மருந்தின் பின்பக்கத்தை வாசித்தவர் எத்தனை பேர்?

இன்று நம் பக்கத்தில் அந்தப் பழைய வியாபாரத்தின் வாரிசு கருஞ்சீரக எண்ணெய். எண்ணெயில் குற்றமில்லை. நபிமொழியை லேபலில் அச்சிட்டு, அதன் கீழே சீனி வருத்தம், பிறஷர், வாதம், பிள்ளையின்மை என்று வரிசை போடுவதுதான் கோளாறு. விக்டோரியா காலத்து வியாபாரி அரச முத்திரையைக் காட்டினார், இவர் மார்க்கத்தைக் காட்டுகிறார். இதில் ஏமாற்று இன்னும் ஆழம், ஏனென்றால் மருந்தைச் சந்தேகிப்பவன் ஈமானையே சந்தேகிப்பவன்போல ஆகிவிடுகிறான். ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்திவிட்டு ஒரு கரண்டி எண்ணெயை நம்பியிருக்கும் சீனி நோயாளிக்கு ஆபத்து எண்ணெயால் வருவதல்ல, நிறுத்திய குளிசையால் வருவது.

கோப்பித் தூளில் சந்தேகம் என்றால் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். எண்ணெயை அனுப்பினால் அது சுத்தமான எண்ணெயாகத் தேறிவிடும். பிழை இருப்பது அச்சில். பிரித்தானியா 1941இல் அச்சின் மேலேயே கைவைத்தது. சேர்மானத்தை வெளியே எழுது, நீரிழிவு, காக்கைவலிப்பு போன்ற சில நோய்களின் பெயரை விளம்பரத்தில் எடுக்காதே என்று சட்டம் போட்டது. பழைய முத்திரை வரியையும் ஒழித்தது. நமக்கும் 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்தது. ஆனால் உணவென்று விற்று மருந்தென்று பேசும் போத்தலைத் தேடிக் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை கல்முனை காத்திருக்கத் தேவையில்லை. சீனி வருத்தம் தீரும் என்று அச்சிட்ட போத்தலைத் தட்டில் வைக்க மாட்டேன் என்று நம் கடைத்தெருவில் நாலு கடைக்காரர் சொன்னால் போதும், அடுத்த அச்சில் அந்த வரி வராது.