ஞானத்தின் வாசலில் இறையச்சம்: ஒரு நீண்ட வழக்கு

விவிலியத்தின் ஞான நூல்களைப் புரட்டுகிறவர் ஒரு கருத்தைத் தாண்டிப் போக முடியாது. நீதிமொழிகளின் முதல் அதிகாரத்தில் வருகிறது. ஒன்பதாம் அதிகாரத்தில் மறுபடியும் வருகிறது. 111ஆம் சங்கீதத்திலும் யோபு 28ஆம் அதிகாரத்திலும் சீராக்கின் தொடக்கத்திலும் உண்டு. ஞானம் தேடுகிறவன் இறையச்சத்தின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்பதே அது. பக்தர்களுக்கு இதில் சிக்கல் இல்லை, ஆய்வாளர்களுக்குத்தான் சிக்கல். நாவடக்கம், கள்ளத் தராசு கூடாது, கோபக்காரனோடு சகவாசம் ஆகாது என்று போகிற உலக நடப்பு அறிவுரைகளுக்கு நடுவே கடவுள் எப்போது வந்தார்? முதலிலிருந்தே இருந்தாரா, பின்னால் யாரோ பக்திமான்கள் சேர்த்தார்களா? இந்த வழக்கில் ‘பின்னால் சேர்த்தது’ என்ற கட்சி தோற்றுவிட்டது என்பது என் கணிப்பு.

அந்தக் கட்சியின் வலுவான வக்கீல் ஸ்காட்லாந்தின் வில்லியம் மெக்கேன். 1970இல் வெளியான தம் நீதிமொழிகள் உரையில் அவர் பழமொழிகளை மூன்று வகையாகப் பிரித்தார். தனிமனிதன் வாழ்க்கையில் தேறுவதற்கானவை முதல் வகை, சமூகத்தின் நன்மை தீமை பேசுபவை இரண்டாவது, கடவுளைப் பேசுபவை மூன்றாவது. மூன்றாவது வகை பிற்காலத்தது என்றார். கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் எது பழையது, எது புதியது என்பதற்கு, கடவுள் பெயர் வந்தால் புதியது என்பதைத் தவிர வேறு பெரிய ஆதாரம் இல்லை. நிறுவ வேண்டியதையே அளவுகோலாக வைத்துக்கொண்ட கதைதான்.

இந்தக் கட்சியைத் தோற்கடிக்கும் சாட்சி அதற்கு முன்பே லண்டனுக்கு வந்து சேர்ந்திருந்தது. 1888இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக வாலிஸ் பட்ஜ் எகிப்தில் வாங்கிய பாப்பிரஸ் சுருள் ஒன்று 1923இல் அச்சேறியது. நிலத்தையும் தானியத்தையும் மேற்பார்த்த ஆமெனெமோப்பே என்ற அதிகாரி தன் மகனுக்குச் சொன்ன முப்பது அதிகார அறிவுரை அது. மறு ஆண்டே ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எர்மான், நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தின் நடுவிலிருந்து தொடங்கும் பகுதி இந்நூலோடு நெருங்கிய உறவுடையது என்று காட்டினார். எகிப்திய நூல் விதவையின் வரப்பைத் தள்ளிப் போடாதே என்கிறது. எபிரேய நூல் அனாதைகளின் நிலத்தில் கால் வைக்காதே என்கிறது. அங்கே செல்வம் வாத்துக்கூட்டமாய்ப் பறக்கிறது, இங்கே கழுகாய்ப் பறக்கிறது. கடன் வாங்கியது யார் என்ற சண்டையிலேயே பலர் நின்றுவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆமெனெமோப்பே பழுத்த பக்திமான். மனிதன் ஒன்று சொல்ல, தெய்வம் வேறொன்று செய்யும் என்று பணிந்து நடக்கச் சொல்கிறவர். யூத ஞானத்துக்கு மூலம் என்று காட்டப்பட்ட நூலிலேயே பக்தி இவ்வளவு ஊறியிருந்தால், கடவுள் கலக்காத ஆதி ஞானத்தை எங்கே போய்த் தேடுவது?

மெக்கேன் நூல் வந்த அதே 1970இல் ஹைடல்பெர்க் பேராசிரியர் கெர்ஹார்ட் ஃபான் ராட் ‘இஸ்ரயேலில் ஞானம்’ என்ற நூலை வெளியிட்டார். சாலமோன் காலத்தில் ஓர் அறிவொளி யுகம் மலர்ந்தது என்று முன்னொரு காலத்தில் எழுதியவர் இவர்தான். இந்நூலில் அவர் எடுத்த நிலை உறுதியானது: அந்த மக்களுக்கு உலகைப் பற்றிய அனுபவமும் கடவுளைப் பற்றிய அனுபவமும் இரண்டல்ல. கடவுள்மீது வைத்த நம்பிக்கை அவர்கள் ஆராய்ச்சிக்குத் தடை போடவில்லை. பயமில்லாமல் ஆராயும் துணிவைத் தந்தது. 2019இல் விவிலிய ஆய்வாளர் வில் கைன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ‘ஞான இலக்கியம்’ என்ற பகுப்பே 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கல்வியுலகம் செய்துகொண்டது என்று எழுதினார். அது கொஞ்சம் அதிகம்தான்.

உண்மையான சோதனை யோபு நூலில் இருக்கிறது. 28ஆம் அதிகாரம் சுரங்கத் தொழிலைக் காட்டுகிறது. மனித நடமாட்டமில்லாத இடத்தில் குழி தோண்டி, அந்தரத்தில் தொங்கி ஆடி, இருட்டின் எல்லைவரை போய் மனிதன் இரும்பும் செம்பும் நீலக்கல்லும் எடுக்கிறான். ஞானம் மட்டும் அகப்படுவதில்லை. கடைசி வரி இறையச்சமே ஞானம் என்று முடிக்கிறது. இந்த அதிகாரம் பின்னால் செருகப்பட்டது என்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ஆனால் யோபு கடவுளுக்கு அஞ்சியவன் என்று நூலின் முதல் வசனமே சொல்லிவிட்டதே! அவனிடம் ஏற்கெனவே உள்ளதையே மருந்தாக எழுதிக் கொடுத்தால் எப்படி ஆறும்? ஆறவில்லை, அடுத்த மூன்று அதிகாரங்களிலும் அவன் வழக்காடுகிறான். சாத்தானின் கேள்வியும் இதுதான்: இவன் சும்மாவா பயப்படுகிறான், ஆதாயம் இருக்கிறது. நான்காம் அதிகாரத்தில் நண்பன் எலிப்பாஸ், உன் இறைபக்தி உனக்குத் தெம்பு தர வேண்டாமா என்று கேட்கிறான். வார்த்தை சரிதான், எந்தப் பிரசங்க மேடையிலும் செல்லும். ஆனால் கடைசியில் கடவுள் கோபிப்பது எலிப்பாஸைத்தான்; கத்திக் கேள்வி கேட்டவனே சரியாகப் பேசினான் என்கிறார். பணிவு என்பது கேள்வியை விழுங்குவது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை மெதுவாக வாசிக்க வேண்டும்.

இன்னொரு ஞான நூலான பிரசங்கியின் கடைசிப் பத்தியில் வரும் இறையச்சமும் வேறொருவர் கை என்பது பலர் கருத்து. சரி என்றே வைத்துக்கொள்வோம். 3, 5, 7, 8ஆம் அதிகாரங்களிலும் அதே பேச்சு இருக்கிறதே.

நம்பிக்கை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை நேராகச் சொல்பவர் சீராக். கி.மு. 180 வாக்கில் எருசலேமில் எழுதியவர். எகிப்துக்குப் போன பேரன் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். எபிரேய மூலம் தொலைந்ததாகவே கருதப்பட்டது. 1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கிழக்கிலிருந்து வாங்கி வந்த ஏடுகளில் ஒன்றைக் கேம்பிரிட்ஜில் சாலமன் ஷெக்டர் அடையாளம் கண்டார். பிறகு கெய்ரோ ஜெப ஆலயக் கிடங்கிலிருந்து மேலும் பல ஏடுகள் வந்தன. 1964இல் மசாதாக் கோட்டை அகழ்வில் ஒரு சுருளும் கிடைத்தது. இந்த நூலின் 38ஆம் அதிகாரம், வைத்தியரை மதி, அவரைப் படைத்தவர் கடவுள், மண்ணிலிருந்து மருந்தை விளைவிப்பவரும் அவரே என்கிறது. நோயாளி ஜெபிக்கட்டும், பிறகு வைத்தியருக்கு இடம் கொடுக்கட்டும், வைத்தியரும் ஜெபிக்கிறவர்தான். விசுவாசம் என்ற பெயரில் மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்பவர்களுக்கு 2,200 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லி வைத்த பதில் இது.

புராட்டஸ்டன்ட் வீடுகளில் உள்ள 66 நூல் வேதாகமத்தில் சீராக் இல்லை. 1995இல் வந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பில் ‘சீராக்கின் ஞானம்’ என்ற பெயரில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியாவது அந்த 38ஆம் அதிகாரத்தைப் படித்துவிடுங்கள்.