பாய்க்கப்பல் விளையாட்டும் வணிகமும்: சில விமரிசனக் குறிப்புகள்

கணனி விளையாட்டைப் பற்றி ஒரு கருத்துச் சஞ்சிகையில் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகஞ் சுழிக்கக்கூடும். கவிதைக்கும் நாவலுக்கும் சினிமாவுக்கும் விமரிசனம் எழுதுகிறோம். எமது பிள்ளைகள் இவை மூன்றுக்கும் செலவிடும் நேரத்தைக் கூட்டினாலும் விளையாட்டில் செலவிடும் நேரத்துக்கு ஈடாகாது. அவர்கள் அங்கே வாங்குகிறார்கள், விற்கிறார்கள், பதுக்குகிறார்கள், நட்டப்படுகிறார்கள். வணிகம் என்றால் என்ன என்ற முதற்பாடத்தை அவர்களுக்கு அந்தத் திரைதான் படிப்பிக்கிறது. ஆகவே அது எதைப் படிப்பிக்கிறது என்று கேட்பது எமது கடமை.

ஸ்பிரிங்வேலில் என் தங்கையின் மகன் தன் வியட்நாமிய நண்பர்கள் இருவருடன் சேர்ந்து பாய்க்கப்பல் விளையாட்டு விளையாடுகிறான். அந்த இருவரின் தாய்தகப்பன் 1975க்குப் பின் வள்ளத்தில் கடல் கடந்து, இங்கிருந்த என்ரபிறைஸ் குடிவரவாளர் விடுதியில் வந்து தங்கியவர்கள். கடலால் வந்தவர்களின் பிள்ளைகள் மூவர் திரையில் கடலோடுவதைப் பின்னாலிருந்து பல மாலைகள் பார்த்ததன் விளைவே இக்குறிப்புகள்.

இவ்வகை விளையாட்டுகளில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அமெரிக்காவின் திறீ றிங்ஸ் நிறுவனம் 2003இல் வெளியிட்ட 'பசில் பைரேற்ஸ்'. மற்றது, உக்ரைனைச் சேர்ந்த கேம்-லாப்ஸ் உருவாக்கி 2019இல் முழுமையாக வெளியான 'நேவல் அக்‌ஷன்'. இரண்டிலும் பண்டங்களின் விலையைப் பெருமளவு விளையாடுவோரே தீர்மானிக்கிறார்கள். கப்பல் கட்டுவதும், மரம் வாங்குவதும், பீரங்கி விற்பதும் அவர்கள் தமக்குள் நடத்தும் கொடுக்கல் வாங்கல்தான். இப்படியான விளையாட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே முறைப்பாடு சில காலத்தில் எழும். பெரிய கூட்டங்கள் சந்தையைப் பிடித்துவிடுகின்றன, புதிதாக வருபவனுக்கு விற்க எதுவுமில்லை, எல்லாத் துறைமுகங்களிலும் விலை ஒன்றாகிவிடுகிறது, சரக்கேற்றி ஓடுவதில் பயனில்லை. இதற்குப் பலர் சொல்லும் பரிகாரம், சந்தையை இன்னும் இலகுவாக்கு என்பது. எல்லாத் துறைமுக விலையையும் ஒரே பட்டியலில் காட்டு, இருந்த இடத்திலிருந்தே வாங்க விடு என்கிறார்கள்.

இந்தப் பரிகாரம் நோயை வளர்க்கும் என்பதே என் வாதம். 2012இல் வெளியான 'டியாப்லோ 3' என்ற விளையாட்டில் எல்லோருக்கும் பொதுவான ஏலச் சந்தை திறக்கப்பட்டது. வாங்குவது மிக இலகுவாகிற்று. தேடிப் பெறவேண்டியதை எல்லோரும் கடையில் வாங்கினார்கள். விளையாட்டே வெறுமையாகிவிட, 2014 மார்ச்சில் அதைச் செய்தவர்களே சந்தையை மூடினார்கள். கடல் விளையாட்டில் இக்கேடு இன்னும் ஆழமானது. ஏனெனில் கடல் வணிகம் என்பதே தூரத்தில் பிழைப்பது.

1. செய்தி

துறைமுகம் இரண்டுக்கிடையில் விலை வேறுபடுவதற்கு அடிப்படைக் காரணம் அங்கத்தைய செய்தி இங்கே உடனே வராமை. 'பசில் பைரேற்ஸ்' இதைப் புரிந்திருந்தது. ஒரு தீவின் விலையை அத்தீவில் இறங்கினால்தான் பார்க்கலாம். ஆனால் விளையாடுவோர் வெளியே ஒரு மென்பொருளைச் செய்து, தாம் கண்ட விலைகளைச் சேர்த்துப் பகிரத் தொடங்கினர். செய்தியைப் பூட்டி வைக்க முடியாது.

இங்கு எதிர்வாதமொன்றை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். றொபேட் ஜென்சன் என்ற பொருளியலாளர் கேரளக் கரையில் 1997க்கும் 2001க்கும் இடையில் கைத்தொலைபேசி வந்தபோது மத்தி மீன் விலைக்கு என்ன நேர்ந்தது என்று ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். அதற்கு முன்பு ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனை வீச, சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீனில்லாமல் ஆட்கள் திரும்பினார்கள். தொலைபேசி வந்ததும் விலைகள் நெருங்கின, வீண்போவது நின்றது. மீனவனும் பயனடைந்தான், வாங்குபவனும் பயனடைந்தான். ஆகவே செய்தித் தாமதத்தைப் புனிதமாக்க நான் வரவில்லை. எமது பழைய வணிகர்களும் அத்தாமதத்தில் ஏழைகளின் செலவில் இலாபம் பார்த்தவர்கள்தான்.

ஆனால் கேரளத்தில் செய்தி பயன்பட்டது மீன் அழுகும் என்பதால். விளையாட்டில் எதுவும் அழுகுவதில்லை. மரமும் இரும்பும் கிட்டங்கியில் பத்து வருடம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். எனவே பதுக்குபவனே வெல்கிறான். செய்தியை மறைப்பதை விட்டுவிட்டு, பண்டத்துக்கு ஆயுளையும் கடலுக்குப் பருவத்தையும் கொடுக்க வேண்டும். அப்போது நேற்றைய விலைப்பட்டியல் யார் கையில் இருந்தாலும் தானே பழசாகும்.

பருவம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வல்வெட்டித்துறையிலிருந்து பர்மாவுக்கு ஓடிய பாய்க்கப்பல்கள் சோளகத்தில் போய் வாடையில் திரும்பின. விரும்பிய நாளில் போகவும் முடியாது, வரவும் முடியாது. இந்தக் கட்டாயத்திலிருந்துதான் கிட்டங்கி, தரகு, தவணைக்கடன், அக்கரையில் தங்கியிருக்கும் பங்காளி என்ற அமைப்புகள் எல்லாம் பிறந்தன. விளையாட்டுகளில் காற்று இருக்கிறது, காலம் இல்லை. காற்றைப் போருக்கு வைத்தார்கள், வணிகத்துக்கு வைக்கவில்லை.

2. இழப்பு

'நேவல் அக்‌ஷன்' இழப்பைக் கடுமையாக வைத்தது. கப்பல் மூழ்கினால் சரக்கும் போயிற்று. இது நல்லது என்பதே என் கட்சி. ஆனால் முழு இழப்பும் ஒருவன் தலையில் விழுந்தால் அவன் இரண்டாம் முறை கடலுக்குப் போகமாட்டான். தாங்கக்கூடியவர்கள் பெரிய கூட்டங்கள் மட்டுமே. ஏகபோகம் இங்கேதான் முளைக்கிறது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. கா. இந்திரபாலா வாசித்து வெளியிட்டது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் செம்பாதி. குதிரையும் யானையும் அரசனுக்குத் தேவை, ஆகவே அவற்றின் இழப்பில் அரசன் குறைவாக எடுத்துக்கொள்கிறான். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவன் 1244-45இல் பொறித்த சாசனம் இன்னும் ஒரு படி போகிறது. முன்னைய அரசர்கள் உடைந்த கலங்களின் சரக்கைப் பறித்தார்கள், நான் விதித்த தீர்வையைத் தவிர வேறெதுவும் எடுக்கமாட்டேன் என்கிறான்.

இவற்றைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இழப்பு எப்படிப் பங்கிடப்படும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் ஒரு துறைமுகத்தின் முதல் விளம்பரம் என்பதை எண்ணூறு வருடங்களுக்கு முந்திய ஆட்சியாளர்கள் அறிந்திருந்தார்கள். விளையாட்டில் துறைமுகத்தைப் பிடிக்கும் கூட்டம் வரியை மட்டும் தீர்மானிக்கிறது. கெட்ட கப்பலுக்கு என்ன தருவேன் என்று அறிவிக்கும் அதிகாரத்தையும் அதற்குக் கொடுக்கட்டும். நல்ல சட்டம் எழுதும் துறைக்குச் சிறு வணிகன் வருவான். ஒரே சரக்கை நாலு பேர் நாலு கப்பலில் பங்குக்கு ஏற்றும் வசதியும் வேண்டும்.

3. கடன்

கடனில்லாத வணிகம் வெறும் பண்டமாற்று. இவ்விளையாட்டுகளில் கடன் வேரூன்றவில்லை. காரணம் எளிது. பெயரை மாற்றிக்கொண்டு மறுநாள் புது ஆளாக வரலாம். 'ஈவ்' என்ற விண்வெளி விளையாட்டில், பொருளாதாரத்தைக் கவனிக்க 2007இல் ஒரு பொருளியலாளரையே வேலைக்கு வைத்த அந்த விளையாட்டில், விளையாடுவோர் தாமே ஒரு வங்கி நடத்தினார்கள். 2009இல் அதன் பொறுப்பாளர் 20,000 கோடி விளையாட்டுக் காசை எடுத்து நிஜப் பணத்துக்கு விற்றுவிட்டார். அவர் எமது நாட்டவர், அவுஸ்திரேலியர். கிடைத்தது ஆறாயிரத்துச் சொச்சம் டொலர். வீட்டுக்கு முற்பணமும் மகனின் வைத்தியச் செலவும் காரணமாகச் சொல்லப்பட்டன.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்குள்ளும் சீட்டுப் பிடித்தவர் ஓடிய கதைகள் இல்லையா? ஆனாலும் சீட்டும் உண்டியலும் நின்றுபோகவில்லை. ஓடியவனின் ஊர் தெரியும், தமையன் தெரியும், அவனுடைய கலியாணத்துக்குப் போனவர்கள் நாங்கள். காசுக்குப் பிணை ஆளல்ல, ஆளைச் சுற்றியுள்ள உறவு. சந்தை சமூகத்துள் பொதிந்துதான் இயங்கியது, அதைப் பிடுங்கி எடுத்துத் தனியே ஓடவிட்டதே நவீன காலத்தின் விபத்து என்று கார்ள் பொலான்யி 1944இல் எழுதினார். விளையாட்டைச் செய்பவர்கள் அந்தப் பிடுங்கிய சந்தையையே இயற்கை என்று நினைத்துக் கட்டுகிறார்கள். ஒரு மாலுமியின் பெயர் அவனுடைய ஓட்டங்கள், தீர்த்த கடன்கள், கைவிட்ட பங்காளிகள் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். அந்தப் பெயரை எறிந்துவிட்டு வருபவன் வெறுங்கையோடு, கடன் பெற வழியில்லாமல் தொடங்க வேண்டும்.

4. உழைப்பு

'நேவல் அக்‌ஷன்' கப்பல் கட்ட 'உழைப்பு மணி' என்ற ஓர் எண்ணைக் கேட்டது. நேரம் போகப்போக அந்த எண் தானாக ஊறும். உழைப்பு இருக்கிறது, உழைப்பவன் இல்லை. 'பசில் பைரேற்ஸ்' இதில் மேல். அங்கே கடைக்காரன் மற்ற விளையாட்டாளர்களை வேலைக்கு வைக்க வேண்டும். அவர்கள் தம் கையால் புதிர்களில் பெற்ற திறமைக்கேற்ப உழைப்பின் தரம் மாறும். கப்பலில் தண்ணீர் இறைப்பவனும் பாய் கட்டுபவனும் மனிதர்கள், ஓட்டம் முடிந்ததும் பங்கு பிரிப்பார்கள். எமது கரைகளில் வலை வள்ளத்தில் பங்கு பிரித்த முறைக்கு இது மிக அண்மித்தது.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, புளோறன்ஸ் சீ. றொபின்சன் என்ற புதுப்பெயருடன், எமது மாலுமிகள் ஓட்ட, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. வாங்கியவரான வில்லியம் றொபின்சனின் பெயர் எல்லா இடத்திலும் உண்டு. ஓட்டிய தண்டையலின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? உழைப்பை எண்ணாக்குவது விளையாட்டில் மட்டும் நடக்கும் காரியமல்ல.

5. அரசு

சட்டம் மாறும்போது வணிகன் குற்றவாளியாகிறான். 1953இன் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கும் அதன்பின் வந்த இறக்குமதித் தடைகளுக்கும் முன் எமது வடகரையார் அக்கரைக்கு ஓடியது வியாபாரம். பிறகு அதே ஓட்டத்துக்கும் அதே காற்றுக்கும் பெயர் கடத்தல். விளையாட்டில் முற்றுகை என்பது நாள் குறித்து நடக்கும் ஒரு சண்டை, யாருக்குத் தீவு என்பதோடு முடிந்துவிடும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு முற்றுகை என்பது எரிபொருளின், பற்றரியின், சீமெந்தின் விலை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும், கிளாலிக் கடலை இரவில் கடந்ததும் அந்த விலையின் கதைகள். முற்றுகைக்குள் இருக்கும் துறையில் விலை ஏறட்டும், உள்ளே சரக்குக் கொண்டுபோகத் துணிபவனுக்கு அது தெரியட்டும். அப்போதுதான் விளையாடும் பிள்ளை முற்றுகையை உள்ளேயிருந்து பார்ப்பான்.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். "மாமா, நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனா வேலையால களைச்சு வாற சனம் விளையாட்டிலயும் வேலைதான் செய்யோணுமே? ஒரு மாதம் காத்துக்குக் காத்திருக்க ஆர் வருவினம்?"

நியாயமான கேள்வி. பலவந்தமாகக் காத்திருக்க வைத்தால் எவரும் வரமாட்டார்கள். விளையாட்டின் பருவம் ஒரு மாதமாக இருக்கத் தேவையில்லை, ஒரு கிழமை போதும். காத்திருப்பவனுக்குக் கரையில் வேலை இருக்க வேண்டும்: கடன் கொடுக்க, பங்காளி தேட, கப்பலைச் செப்பனிட. ஆனால் களைத்து வருபவன் எதைத் தேடி வருகிறான் என்பதையும் அவன் யோசிக்க வேண்டும். பட்டியலில் விலை பார்த்துப் பொத்தானை அமத்துவதைப் பகல் முழுக்கச் செய்துவிட்டுத்தான் வருகிறான். தன் பெயரை நம்பி இன்னொருவன் சரக்கை ஏற்றிவிடுவது அவனுக்குப் பகலில் கிடைக்காத ஒன்று.

அடுத்த சனிக்கிழமை அவனும் நண்பர்களும் ஒரு பரீட்சார்த்தம் செய்தார்கள். விளையாட்டில் அதற்கு வசதியில்லை. கொப்பித்தாளில் எழுதினார்கள்: சரக்கு மூன்று கப்பலில், கெட்டால் நட்டம் மூன்று பங்கு. இரண்டாம் ஓட்டத்திலேயே ஒரு கப்பல் மூழ்கியது. கணக்குத் தீர்க்க இரவு பதினொரு மணியாயிற்று. கப்பலை இழந்த பையன் வீட்டுக்குப் போகாமல் இருந்து தாளில் கையொப்பம் வைத்துவிட்டுத்தான் எழுந்தான்.